இடப்பக்கம்

பார்சல் ஆபீசில் இந்த வருஷமும் டைரி கொடுத்தார்கள்.
மெரூன் ரெக்சின், முதல் பக்கத்தில் வெங்கடாசலபதி,
பின்னட்டையில் தூத்துக்குடி, திருப்பூர், பெங்களூர் கிளைகளின் நம்பர்.
பழையதைத் தூக்கிப் போடுமுன்
ஒருமுறை புரட்டினேன்.

ஜனவரி ஒன்று.
கொட்டை எழுத்தில் மூன்று வரி:
தினமும் தெப்பக்குளம், மூன்று சுற்று.
கடைவாய்ப் பல்லைக் காட்டிவிட வேண்டும்.
அமலிக்குப் பதினெட்டாயிரம்.

பதினொரு நாள் சுற்றியிருக்கிறேன்.
பன்னிரண்டாம் நாள் 'மழை' என்று எழுதியிருக்கிறது.
மார்கழிக் கடைசியில், மதுரையில், என்ன மழை?
யாரும் படிக்காத நோட்டில்
என் கையெழுத்திலேயே ஒரு பொய்.

அதற்கப்புறம் அது டைரி இல்லை.
பால் கணக்கு. கேஸ் புக் செய்த தேதி.
அழகர் ஆற்றில் இறங்கிய அன்று
லோடு வரவில்லை என்று ஒரு கோடு.
ஆவணியில் ஒரு வாரம் மொட்டை வெள்ளைத் தாள்.
அந்த வாரம் என்ன செய்துகொண்டிருந்தேன்?
அழுதிருந்தால் ஞாபகம் இருக்கும்.

பல்லைக் காட்டவில்லை.
மாசியில் ஒரு கொய்யாக்காயைக் கடித்தபோது
வலப்பக்கம் மின்னல் ஒன்று நெற்றி வரை ஏறி இறங்கியது.
அன்றிலிருந்து இடப்பக்கமே மென்றேன்.
ஆறாயிரம் ஆகும் என்றார்கள்.
தம்பி மகன் காலேஜ் பீஸ் இருக்கிறது என்று
கேட்டவர்களிடம் சொன்னேன்.
உண்மையில் அந்த நாற்காலிதான்.
அது சாயும்போது தலை கீழே போய்
கால் மேலே வரும் அந்த அரை நிமிஷம்.

பழகிவிட்டது, அதுதான் விஷயம்.
புரோட்டா, சீடை, கல்யாண வீட்டு அப்பளம்,
எதுவானாலும் நாக்கு என்னைக் கேட்காமல்
இடப்பக்கம் தள்ளிவிடுகிறது,
ஒரே ஓரத்தில் மூட்டை அடுக்குகிற
புது லோடுமேன் மாதிரி.
வண்டி சாய்ந்து ஓடுகிறது.
ஓடுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

சிம்மக்கல்லும் அப்படித்தான்.
அங்கே அமலியின் ஜெராக்ஸ் கடை.
சீட்டுப் பணத்தை நான்கு மாதம் இழுத்தடித்தேன்,
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஐந்தாம் மாதம்,
"முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா
நானே கட்டிருப்பேன்ல" என்றாள்.
திட்டியிருக்கலாம்.
அதிலிருந்து, சிம்மக்கல் வழி போகிற பஸ்ஸில்
நான் ஏறுவதில்லை.
ஆனையூரிலிருந்து அரப்பாளையம் சுற்றித்தான் வேலைக்கு.
பில் போடுகிறவள் இல்லையா, கணக்குப் பார்த்தேன்:
நாளுக்கு இருபது நிமிஷம், முந்நூறு நாள்,
நூறு மணி நேரம்.
ஒரு ஜெராக்ஸ் கடையைப் பார்க்காமலிருக்க.

பன்னிரண்டுக்கு வெடித்தார்கள்.
தெருப் பையன்கள் கேக்கை ஒருவன் முகத்தில் ஒருவன் அப்பிக்கொண்டு
"ஹேப்பி நியூ இயர்க்கா!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார்கள்.
கையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து
புதுசைத் திறந்தேன்.
தெப்பக்குளத்தை எழுதவில்லை. அது என் ஆசையே இல்லை,
பக்கத்து சீட் பவுனம்மா மெலிந்ததைப் பார்த்து எழுதியது.
பல்லைப் பென்சிலில் எழுதினேன்.
பேனாவில், பதினெட்டாயிரம்.
அதற்குக் கீழே கழித்தல் குறி போட்டு
பர்ஸில் இருந்த இரண்டாயிரத்து ஐந்நூறு.

காலையில் வந்த முதல் பஸ்ஸில் ஏறினேன்,
போர்டைப் பார்க்காமல். சரி, பார்த்துத்தான்.
பாலத்தில் வைகை, கொஞ்சம் தண்ணீர், நிறைய ஆகாயத்தாமரை.
கடலை மிட்டாய் ஒன்றைப் பிரித்து
வலப்பக்கம் வைத்துக் கடித்தேன்.
வலி விட்ட இடத்திலேயே இருந்தது.
"சிம்மக்கல்லு இறங்கு" என்றார் கண்டக்டர்,
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது.
அதன் அடியில் அவள் செருப்பு,
அதே நீலப் பட்டை.
என் கால்களைப் பார்த்திருப்பாள் போல.
யாரென்று தெரியாமல் உள்ளிருந்து குரல் வந்தது:
"மெஷின் சூடாகணும். அஞ்சு நிமிஷம் ஆகும்."

"இருக்கேன்" என்றேன்.