நன்கு வடியும்

நான் வருவதற்குள் லவார் ஜெப்சன் குழியை வெட்டி முடித்திருந்தார்,
இரண்டு பீச் வரிசைகளுக்கு நடுவே, ஒன்றரை மீட்டர்.
வடக்குச் சுவரில் மிதிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்;
மிதிக்கவில்லை.
வெயில் அதில்தான் விழும்.

இறங்கினேன். தலைக்கு மேலே மலை,
மலையின் விலாவில் அளவுகோல் வைத்துக் கிழித்த கோடுகள்.
ஏரி அலையடித்து நின்ற இடங்கள் அவை.
ஏரி போய்ப் பதினாலாயிரம் வருடம் இருக்கும்.
யூட்டாவில் எல்லோருக்கும் தெரியும்,
யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

முதலில் கத்தி.
இயந்திரப் பல் இழுகிவிட்டுப் போன மழமழப்பைக்
கொத்திக் கொத்தி உதிர்த்தால்தான்
மண் தன் சொந்த முகத்தோடு வரும்.

மேலிருந்து இருபத்தெட்டு சென்டிமீட்டர்:
கறுப்பு என்றும் சொல்ல முடியாத பழுப்பு.
ஈரக் கட்டியை நிறப் புத்தகத்தின் துளைக்குப் பின்னே பிடித்தேன்.
பத்து ஒய்ஆர், மூன்றின் கீழ் இரண்டு.
வடிகட்டிய காப்பித் தூளின் நிறம்தான் இது.
லவார் காப்பி தொடாதவர்,
ஆகவே எண்ணை மட்டும் சொன்னேன்.
பருக்கை பருக்கையாய் உதிர்கிறது. வேர்கள் ஏராளம், மயிரிழை.

அதற்குக் கீழே வெள்ளை நரம்புகள்.
அமிலம் ஒரு சொட்டு. சுர்ரென்று நுரைத்தது.
சுண்ணாம்பு.
பனி உருகிய நீர் இதுவரை நடந்து வந்து
சுமையை இறக்கிவைத்துவிட்டு
வெறுங்கையோடு காற்றில் ஏறிப்போன இடம்.

அறுபதுக்குக் கீழே ஏரியே.
நுண்மணல், வண்டல், மறுபடி நுண்மணல்,
பழைய ரசீதுக் கட்டுபோல் மெலிசு மெலிசாய்.
காற்றில்லாத ஒரு வாரம் இந்த வரி.
இந்தத் தடித்த வரி, ஒரு புயல்.
சுண்டுவிரல் நகமளவு நத்தை ஓடு ஒன்று.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இவ்வளவும் பார்த்தது, இல்லாத ஒன்றைத் தேடித்தான்.
தண்ணீர் தேங்கினால்
துருவில் கையெழுத்துப் போடாமல் போகாது;
சாம்பல் திட்டு, செம்புள்ளி, ஏதாவது இருக்கும்.
அடிவரை தடவிப் பார்த்தேன். ஒரு புள்ளியும் இல்லை.
ஏரியின் மடியில் கிடந்து வளர்ந்த மண்,
தண்ணீரைத் தங்கவைக்க மட்டும் அதற்குத் தெரியவில்லை.
படிவத்தில் குறித்தேன்: நன்கு வடியும்.

பெயர் கேட்டார்.
டிபிக் கால்சிசெரால் என்றேன்.
கடைசியிலிருந்து பிரிக்க வேண்டும்:
வால் அசையில் குலம், புல் வளர்த்த கருமண் குலம்.
நடுவில், குளிரில் நனைந்து கோடையில் காய்வது.
அதற்கு முன்னால் சுண்ணாம்பு.
டிபிக் என்றால், அதற்குமேல் விசேஷம் எதுவும் இல்லை.
சிரித்தார். "எங்கள் வீட்டிலும் அப்படித்தான்."

பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்:
"அப்படியானால் கழிவுத் தொட்டி இறங்கும், இல்லையா ஆர்டித்?"

அறுபத்துநாலு மனை.
வரைபடம் வண்டிக்குள் சுருட்டி வைத்திருந்தார்.
இரண்டு வசந்தம் பூவிலேயே உறைந்துவிட்டது,
முழங்கால் இரண்டும் போய்விட்டன,
மகன் பாய்சியில் பல் மருத்துவன்.
எதையும் நான் கேட்கவில்லை.

பீச் வேர் அழுகாமல் நிற்பதும்
அறுபத்துநாலு கழிவறைகள் அடைக்காமல் ஓடுவதும்
ஒரே இரண்டு சொல்லால்.
அந்த இரண்டு சொல்லும் என் கையெழுத்தில்.
எதற்கு என்று கேட்கும் கட்டம் படிவத்தில் கிடையாது.
"இறங்கும்," என்றேன்.

குழியை மூடும்போது, பழக்க தோஷம்,
அடிமண் முதலில், கருமண் கடைசியில் என்று சொல்லிவிட்டேன்.
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.
இயந்திரத்தில் ஏறினார்.
முதலில் ஏரி, அதன்மேல் வெள்ளை நரம்பு,
காப்பி நிறம் எல்லாவற்றுக்கும் மேலே.
கீழே இறங்கி
பூட்ஸ் காலால் நான்கு மூலையிலும் மிதித்துவிட்டார்,
ஒரு மூலை மட்டும் சரியாக அமரவில்லை என்று
திரும்ப வந்தும் மிதித்தார்.