பதின்மூன்றா, பதினாறா

காலையில் சாட்ஸ்வொர்த் மருந்துக் கடையில்
பிள்ளையை எடைக்கருவியில் நிறுத்தச் சொல்வேன்.
வயதை நம்ப முடியாது.
ஒன்பது வயதில் முப்பத்தெட்டு கிலோவும் உண்டு,
பன்னிரண்டில் இருபத்தாறும் உண்டு.
கிலோவுக்கு இத்தனை மில்லி.
மிஞ்சினால் ஈரல் கணக்குக் கேட்கும்.

மாதம் இருமுறை மதியத்துக்கு மேல்
டர்பன் துறைமுகம் தெரியும் எட்டாம் மாடி.
அங்கே எடைக்கருவி இல்லை.
ஒரு திரை, மூன்று நாற்காலி, ஒரு படிவம்:
ரத்தம், வசவு, நிர்வாணம், போதை, சூது, அச்சம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

இன்றைய ஆட்டம் 'சாம்பல் நாடு'.
ஐம்பது மணிநேரக் கதையில் எங்கள் பங்கு ஆறு.
வில்லெம் துளிகளை எண்ண உட்கார்ந்தார்.
வெட்டுப்பட்ட பூதங்கள் கரித்தூளாய் உதிர்ந்ததில்
எண்ண ஒன்றுமில்லை, அவருக்கு அதுவே வருத்தம்.
கவசம் என்ற பெயரில் இரண்டு கிண்ணங்களோடு
பனிமலை ஏறிய வில்லாளியைப் பார்த்து
"இவளுக்குக் குளிராதா?" என்றாள் நொம்ஃபுண்டோ.
நிர்வாணத்தின் கட்டத்தில் கேள்விக்குறி போட்டோம்.

ஒருத்தி எலும்பு உருட்டிக் குறி சொன்னாள்.
வில்லெமின் பேனா நிமிர்ந்தது: "மாந்திரீகம். பதினாறு."
"என் சித்தி பிழைப்பே அதுதான்.
செவ்வாய்க்கிழமை உட்கார இடம் கிடைக்காது.
அவள் வாசலில் வயது ஒட்டிவிட்டு வரட்டுமா?"
நான் சிரித்தேன். சிரித்த வாயில்
அம்பிலோ கோயில் தைப்பூசம் வந்து நின்றது.
கன்னத்தில் வேல் பாய்ந்த அப்பாவுக்கு முன்னால்
குச்சி ஐஸ் உறிஞ்சிக்கொண்டு நடந்தவள் நான்,
ஐந்து வயது.
பயந்தேனா, தெரியாது.
ஐஸ் ஆரஞ்சு நிறம்.

என் மகன் க்ரீசனுக்குப் பதினொன்று.
நெருப்புக் கக்கும் எதற்கும் அசர மாட்டான்.
காணாமல் போன நாயின் படம்
விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்தால்
மூன்று இரவு தூங்க மாட்டான்.
அவனுக்கு எத்தனை மில்லி?

ஐந்தாம் மணிநேரம் கருவி என் கைக்கு வந்தது.
எரிந்த ஆலையின் பின்புறம்
எதிரிப் படையில் முரசடித்த பையன் மண்டியிட்டிருந்தான்.
மூன்று பொத்தான்.
கொல்.
விடு.
விலை கேள்.

மூன்றாவது என்ன செய்யும் என்று பார்க்கத்தான்.
வேலைக்காகத்தான்.

இருட்டிலிருந்து ஒரு வணிகன் வந்தான்.
நாற்பது பொன் எண்ணி வைத்தான்.
பையனின் பெயர் கேட்கவில்லை,
சீட்டில் ஓர் எண் எழுதினான்.
(எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியிலும் அப்படி ஓர் எண்
கப்பலின் பெயரோடு மடித்துக் கிடக்கிறது.)
ஒரு சொட்டு ரத்தமில்லை, ஒரு கெட்ட வார்த்தையில்லை.
பையன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.
ஆட்டம் இனிமையாய் மணியடித்து
என் தோல்பையைக் கனமாக்கியது.

பின்னால் போய் மாற்றிவிடலாமா என்றேன்.
கடைசியாகச் சேமித்த இடம்
இரண்டு மணிநேரத்துக்கு அப்பால் இருந்தது.
சன்னலுக்கு வெளியே கப்பல்கள் விளக்கேற்றிவிட்டன.

படிவத்தைப் புரட்டினேன், பின்பக்கமும்.
அதற்குக் கட்டம் இல்லை.
மாந்திரீகத்தை விட்டுக்கொடுத்திருந்த வில்லெம்
"சுத்தமான ஆட்டம், பதின்மூன்று" என்றார்.
நொம்ஃபுண்டோ என் முகத்தைப் பார்க்காமல்
"நீ சொல்" என்றாள்.

பதினாறு என்று எழுதினேன்.
'காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.
எனக்கு நாற்பத்தேழு, எனக்கே போதவில்லை
என்றா எழுதுவது?
'அச்சம், மிதமானது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் கடை திறந்ததும் ஒரு பையன்,
நல்ல காய்ச்சல்,
கனத்த பள்ளிக்கூடச் சப்பாத்தோடு ஏறி நின்றான்.
"இருபத்திரண்டு" என்று எட்டிப் பார்த்துச் சொன்னாள் அம்மா.
சப்பாத்தின் எடையைக்
கழித்துக்கொண்டேன்.