வைக்கட்டுமா

இரண்டு மாதமாக
யேசுவடியானுக்கும் யூனுஸுக்கும் ஜக்கரியாவுக்கும் மட்டும்
சம்பளம் வரவில்லை.
ஹித் கப்பல் பட்டறையில்
ஆங்கில எழுத்து வரிசைப்படி
கடைசியில் நிற்கிறவர்கள்.

மனாமாவில், ஹூராவில், மூன்றாம் மாடியில்
ஏசி சொட்டுக்கு வாளி வைத்துவிட்டுப்
பதிவுகளைப் புரட்டினேன்.
பிழை என்று ஒரு வரிகூட இல்லை.
எங்கள் சர்வர் எல்லாவற்றையும் எழுதியிருந்தது;
எழுதிய கையோடு கதவை அறைந்து சாத்தியிருந்தது.
கடைசிப் பொட்டலம் வாசலிலேயே நசுங்கிப்போக
வங்கியின் சர்வர்
மௌனத்தைக் கேட்டு
முடிந்தது என்று எடுத்துக்கொண்டது.

பூட்டிய சொற்கள், யாரும் படிக்க முடியாது, சரி.
நாங்களே நிறுத்தினாலும்
நடுவில் ஒருவன் கம்பியை அறுத்தாலும்
அந்தப் பக்கம் கேட்பது
ஒரே அமைதிதான்.

நம் ஆட்கள் போனில் இதைச் சரியாகச் செய்கிறார்கள்.
"வைக்கட்டுமா?"
"ம், வை."
"சரி, வச்சிடறேன்."
அதற்குப் பிறகும் ஒரு நொடி
யாரும் வைப்பதில்லை.

அதையே எழுதினேன், பதினொரு வரியில்.
முடித்துவிட்டேன் என்று முத்திரையிட்டுச் சொல்.
அவர்களும் சொல்லக் கேள்.
ஐந்து நொடி பார்;
பதில் சொல்லாத ஒருவருக்காக
ஆயிரம் பேரை வெளியே நிறுத்த முடியாது.
மூடு, ஆனால்
முடிந்தது என்று குறிக்காதே.
அறுந்தது என்று எழுது.

வியாழன் இரவு ஜக்கரியா கூப்பிட்டார்.
"வந்திருச்சு சார், ரெண்டு மாசமும் சேர்த்து."
பின்னால் வெல்டிங் சீறல்.
"அப்புறம் சார், இந்த யூனுஸு..." என்று
ஏதோ சொல்ல வந்தார்.
லைன் போய்விட்டது.

ஐந்து நொடிக்கு மேலேயே
காதில் வைத்திருந்தேன்.