நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

மூன்று மணிக்கு என்றார்கள்.
இரண்டரைக்கே அங் மோ கியோ நூலகத்தில்
குழந்தைகள் பகுதிவரை வால் நீண்டுவிட்டது.
ஏர்கான் குளிரில் ஆளுக்கொரு புத்தகம்,
இருபத்தெட்டு வெள்ளி.
அட்டையில் வேதவல்லி முத்தரசு,
முப்பது வயதுக் கண்களோடு.

வேதவல்லி என்று இங்கே யார் சொல்கிறார்கள்?
வரிசை முழுவதற்கும் அவர் சிவகாமசுந்தரி.
கணக்கேட்டைத் திருத்திக்
கொழுந்தனைச் சிறைக்கு அனுப்பியவர்.
மூன்று வருடம், இரவு ஒன்பது மணிக்கு
எங்கள் புளோக்கில்
மின்தூக்கி காலியாகவே ஏறி இறங்கும்.

எனக்கு முன்னால் ரஹ்மத் பானு.
பத்திக்குப் பத்தி பென்சில் கோடு.
"இந்த இடத்துல பொய் சொல்றா.
மூத்தவன் பிறந்தது டிசம்பர்ல.
பழைய வாரப் பத்திரிகை வீட்ல இருக்கு."

அவருக்கும் முன்னால் திரு. செங்,
திரையடியில் ஓடும் ஆங்கிலத்தைப் படித்தே
எட்டுத் தொடர் பார்த்து முடித்தவர்.
ஒரு வரியும் வாசிக்க முடியாத புத்தகத்தில்
இரண்டு பிரதி வாங்கியிருந்தார்.
படங்களைப் புரட்டி எனக்குக் காட்டினார்:
"திஸ் ஒன் டை ஆல்ரெடி.
திஸ் ஒன் ஆல்சோ டை."

செத்தவர்களில் நானும் ஒருவன்.
அவரிடம் சொல்லவில்லை.

தொண்ணூற்றெட்டு. நூற்றுப் பன்னிரண்டாம் பாகம்.
மாமனாராக நடித்தவர் வராமல் போக,
விளக்குத் தூக்க வந்த என்னைப் படுக்கவைத்து
முகத்தை மூடினார்கள்.
நாற்பது வெள்ளியும் ஒரு நாசி லெமாக் பொட்டலமும்.
சிவகாமசுந்தரி என் மார்பில் விழுந்து அழவேண்டும்.
அழுதபடியே என் இடுப்புச் சாவியை உருவவேண்டும்.
நான்காம் முறை எடுக்கையில்
அவர் தலை மல்லிகை
துணிக்குள் புகுந்து மூக்கில் உரச,

தும்மினேன்.

பத்து வெள்ளி பிடித்துக்கொண்டு
மீதி முப்பதைக் கையில் தந்தார்கள்.
பிறகு கூப்பிடவில்லை.
யாரிடமும் சொல்லவுமில்லை நான்.
இத்தனை வருடம் எங்கே மல்லிகை மணந்தாலும்
காது சூடாகும்.

போன வாரம் புத்தகத்தில் என்னைத் தேடினேன்.
பேருந்தில், கழிப்பறையில், மனைவி தூங்கியபின்.
நூற்று நாற்பத்து மூன்று,
கீழிருந்து ஆறாவது வரி:
'ஒருமுறை பிணம் தும்மிவிட்டது.
சிரித்ததில் கண்மை கரைந்து
படப்பிடிப்பே நின்றுபோனது.
என் கணவர் வீட்டைவிட்டுப் போன வாரம் அது.
அந்த வாரத்தில் நான் சிரித்தது
அந்த ஒரு தரம்தான்.'

பெயர் இல்லை.
பேருந்தில் இரண்டு நிறுத்தம் தாண்டிப்போய் இறங்கினேன்.

மேசையருகே ரஹ்மத் பானுவின் குரல் உயர்ந்தது:
"அந்தக் கொழுந்தன் உனக்கு என்ன பாவம் செஞ்சான்?"
வேதவல்லி பேனாவை மூடிவைத்துவிட்டு,
"தப்புதான்க்கா" என்றார்.
நிஜமாகவே சொன்னார்.
பானுவுக்கு டிசம்பர் மறந்துபோனது.

என் முறை.
"பேரு?"
"கதிரேசன்."
நூற்று நாற்பத்து மூன்றை விரித்து நீட்டினேன்.
"எல்லாரும் முதல் பக்கத்துல கேப்பாங்க,"
என்றவர் குனிந்து
கீழ் வரிகளை உதடசைத்துப் படித்தார்.
இரண்டு இரவு தயார்செய்த வாக்கியங்கள்
தொண்டையில் வரிசை கட்டி நின்றன.
ஒன்றும் டோக்கன் எடுத்துக்கொண்டு வரவில்லை.
அவர் சிரித்தார்,
என்னைப் பார்த்தல்ல, வரியைப் பார்த்து.
'கதிரேசனுக்கு' என்று எழுதி,
கையெழுத்தின் வாலை
'பிணம்' வரைக்கும் இழுத்துவிட்டார்.

கீழே கோப்பிக்கடையில் திரு. செங்.
முப்பதில் இருபத்தெட்டு போக இரண்டு வெள்ளி;
இருவருக்கும் கோப்பி சொன்னேன்,
மேலே கொஞ்சம் சில்லறை போட்டு.
அவர் தம் பிரதியை என் முன்னால் தள்ளி
எங்கேயாவது ஒரு பக்கம் படித்துச் சொல் என்றார்.
படித்துச் சொன்னேன்.
கடைசியில் விரலை வைத்து, "திஸ் ஒன், மீ."

கோப்பியை ஊதுவதை நிறுத்திவிட்டு
வெகுநேரம் என்னைப் பார்த்தார்.
"வா," என்றார். "யூ நெவர் டை, ஆ?"
பிறகு சட்டைப்பையில் பேனா தேடி
தம் இரண்டாவது பிரதியை
என் பக்கம் திருப்பி வைத்தார்.