விழாத படம்

நகரி ரயிலடிக்குப் பின்னால் கூடாரம்.
திரைக்குப் பக்கத்தில் மூங்கில் குச்சியோடு நான்.
ஊமைப் படத்துக்கு வாய் நான்தான்,
மாதம் ஒன்பது ரூபாய்க்கு.
தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை.
முன்னவர்கள் சிரித்து முடிக்கும்போது
பின்னவர்கள் ஆரம்பிப்பார்கள்.

முனிரத்தினம் படம் என்றால்
எனக்கு வேலையே இல்லை.
சுண்ணாம்புத் தொட்டி, ஏணி,
மாமனார் வீட்டு வாசற்படி,
எதைக் கண்டாலும் விழுவான்.
"விழப்போறான்... படிபோத்தாடு..."
அவ்வளவுதான். மிச்சத்தை
அவன் முழங்கால் பார்த்துக்கொள்ளும்.

அந்த வருஷம் மாசிக் கடைசியில்
எட்டு ரீல் பெட்டி ஒன்று மெயிலில் இறங்கியது.
அதில் அவன் ரயில்வே கேட் கீப்பர்.
பிள்ளை செத்துப்போன சேதி வருகிறது.
ராந்தலை எடுத்துக்கொண்டு நடக்கிறான்.
ஒரு ரீல் முழுக்க நடக்கிறான்.
வாசற்படி வந்தது.
கூடாரமே முன்னால் சாய்ந்தது.
வேட்டியைக் கொஞ்சம் தூக்கி,
காலைப் பார்த்து எடுத்து வைத்து
உள்ளே போனான்.

எனக்கு இரண்டு மொழியிலும் ஒன்றும் வரவில்லை.
முதல் கல் திரையில் பட்டது.

மறுநாள் முதலாளி வெங்கட்டப்ப ரெட்டி
வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:
"அழறாப்பல ஏமாத்தறான்னு சொல்லித் தொலையேன்யா."

சொன்னேன்.
"பாசாங்கு! ராந்தல் பிடிக்கிற லட்சணத்தைப் பாருங்க!
மூஞ்சியைப் பாருங்க, வேப்பெண்ணெய் குடிச்சாப்பல!"
கூடாரம் குலுங்கியது.
போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த சின்னப் பாதத்தை
அவன் இழுத்து மூடும் இடத்தில்
பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை.

ஐந்தாம் நாள், இரண்டாம் ஆட்டம்.
தரை டிக்கெட்டில்
தலைக்குத் துண்டு சுற்றிய ஒருவர்
பாதியில் எழுந்தார்.
வெளியே நிலா. நகரி மலையின் மூக்கு
படுதாவுக்கு மேலே தெரிந்தது.
கூடாரக் கயிற்றருகே நின்றார்.
வேட்டியைக் கொஞ்சம் தூக்கி,
காலைப் பார்த்து எடுத்து வைத்து
தாண்டிப் போனார்.

குச்சி என் கையிலேயே இருந்தது.
திரையில் அவன் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை.
"விழப்போறான்" என்றேன்.

புத்தூரில் பதினோரு நாள் ஓடியது.

பிறகு அந்த எட்டு ரீலையும்
வெள்ளி எடுக்க எரித்துவிட்டார்களாம்.
அவனைப் பற்றிப் புத்தகம் எழுதுகிற ஒரு பையன்
போன வாரம் வந்திருந்தான்.
அதுவும் காமிக் படம்தானே என்றான்,
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு.

பார்த்தவர்கள் சிரித்தார்கள் என்றேன்.
இரண்டு மொழியிலும்.