தேனுக்கு அப்பால்

கீத்தோவில், அரசுத் தொலைக்காட்சியின்
ஒப்பனை அறையில் பத்தொன்பது வருடம் நான்.
எத்தனையோ அமைச்சர்களின் மூக்கைத் தொட்டிருக்கிறேன்,
தும்மியவர்கள், குறட்டை விட்டவர்கள்.
யார் முகத்திலும் என் கை நடுங்கியதில்லை.

அலுவலகப் பெட்டியில் ஒன்பது குப்பிகள்.
தந்தம், மணல், ரோஜா, கோதுமை
என்று போய்க் கடைசியில் தேன்.
தேனோடு தேசம் முடிந்துவிடுகிறது.

இன்று நாற்காலியில் எராக்லியோ கராபாலி.
நாட்டின் முதல் கறுப்பு அதிபர்.

அவர் வென்ற இரவில்
எங்கள் சோத்தா பள்ளத்தாக்கில்
துவரங்காட்டு வரப்பெல்லாம் பானையைத் தட்டி ஆடினார்கள்.
விடிந்ததும் மனு எழுத உட்கார்ந்தார்கள்:
தண்ணீர்க் குழாய், பாலம், மைத்துனனுக்கு வேலை,
தாத்தாக்கள் வெட்டிய கரும்புக்கெல்லாம் கூலிபாக்கி.
நாலு வருஷத்திலா, என்றேன்.
"பந்து நம் காலுக்கு வரவே இத்தனை காலம்.
வந்தபிறகு கோல் போடாவிட்டால் எப்படி, அத்தை?"
என்றான் அண்ணன் மகன் யாந்திரி.
அவனைத்தான் போன வியாழக்கிழமை
கடைக் காவலாளி
அலமாரி அலமாரியாய்ப் பின்தொடர்ந்தான்.
கையில் பற்பசை. சட்டையில் கராபாலி படம்.

கழுத்தில் துண்டைச் செருகும்போது
விரலில் தட்டியது, சட்டைக்குள் கவசம்.
ஆமை ஓடு மாதிரி.
கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
பேசவில்லை.

ஆலோசகர் செவாயோஸ் வாசலில் நின்றபடி
உரையில் பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தார்.
"புருவத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், கோபமாய்த் தெரிகிறது."
"அது என் புருவம்."
"கை மேசைமேல் இருக்கட்டும். திடீரென்று தூக்க வேண்டாம்.
அப்புறம், 'நாங்கள்' மூன்று இடத்தில் வருகிறது.
'நாம்' என்று மாற்றிவிடலாம்."
"ஊரில் கேட்பார்கள்,
எங்களை எங்கே விட்டாய் என்று."
"ஊர் ஏற்கெனவே ஓட்டுப் போட்டாயிற்று, ஐயா."

செவாயோஸ் போனபின்
மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"எனக்கு முன்னால் இருந்தவர் தப்பு செய்தால்
அது அவர் தப்பு.
நான் தடுக்கினால்
உன் மகள் வேலைக்கான நேர்காணலில் விழுவாள்."
எனக்கு மகள் இல்லை. சொல்லவில்லை.
இருந்திருந்தால் விழுந்திருப்பாள்.

பெட்டியை மூடினேன்.
என் கைப்பையைத் திறந்தேன்.
மாதா கோயிலுக்குப் போகுமுன் நான் பூசிக்கொள்ளும் டப்பா,
எஸ்மெரால்தாஸ் பேருந்து நிலையத்தில் வாங்கியது,
பதினான்கு டாலர், மூடியில் விரிசல்.
நெற்றி. கன்னம். காதுமடல்.
விளக்கொளியில் சாம்பல் பூத்திருந்த முகம்
கொஞ்சம் கொஞ்சமாய் அவருடையதாயிற்று.
சரியாக எட்டு மணிக்கு
நாட்டின் முகம்
என் கைப்பையிலிருந்து ஒளிபரப்பானது.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது.
இரண்டு 'நாங்கள்' பென்சிலுக்குத் தப்பிவிட்டது.
மூன்றாவதில் ஒரு கணம் நின்றார்,
தண்ணீர் குடித்தார்,
'நாம்' என்றார்.
புருவம் இறங்கவேயில்லை.
மறுநாள் இரண்டு பத்திரிகைகளில் அந்தப் புருவம்தான் செய்தி.

பதினான்கு டாலரைக் கணக்குப் பிரிவில் எழுதிக் கொடுத்தேன்.
"இந்த நிறத்துக்குப் பட்டியலில் எண் இல்லையே,"
என்றாள் மார்லேனே, நல்லவள்தான்.
"இதர செலவு என்று போடட்டுமா?"
வேண்டாம் என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

டப்பாவில் பாதிக்கும் குறைவாய் மிச்சம்.
புதன்கிழமை அவர் மறுபடி வருகிறார்.
அதனால் இந்த ஞாயிறு
வெறும் முகத்தோடு கோயிலுக்குப் போனேன்.
பூசை முடியுமுன்பே
மூன்று பேர் என் கையில் மனுவைத் திணித்தார்கள்.