பதினாலாம் எண் வாய்

ஹாமில்டன், ஏப்ரல், எட்டாம் மாடிக்கு வெளியே.
இடுப்பில் இரண்டு கயிறு. ஒன்று வேலைக்கு,
மற்றது அந்த ஒன்று அறுந்தால்.
மேலே கைப்பிடிச் சுவரில் ஒஸ்தாப்
ஆப்பிள் கடிக்கிற சத்தம்கூடக் கேட்கிறது.

கட்டடத்தைச் சுற்றி முப்பத்தொரு கல்முகங்கள்.
ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்ட வேண்டும்.
கணீரென்றால் இருக்கும்.
பொத்தென்றால் உள்ளே வெடிப்பு:
சிவப்பு சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி,
அடுத்த வாரம் கிரேன் வந்து இறக்கிவிடும்.

நாக்கை நீட்டுகிறது ஒன்று.
ஒன்றுக்குக் கடன்காரனைக் கண்ட முழி.
ஒன்று தன் காதுகளைத் தானே பிடித்து
தோப்புக்கரணத்தின் பாதியில் நின்றுவிட்டது.
செதுக்கியவனுக்குத் தோப்புக்கரணம் தெரிந்திருக்காது.
எனக்குத் தெரிகிறதே.
தெருவிலிருந்து பார்த்தால் வெறும் புடைப்பு.
நூறடி உயரத்தில் யாருக்காக இவ்வளவு பல்?

உருக்காலைப் புகை வருஷக்கணக்கில் படிந்து
மழை தொட்ட இடமெல்லாம் வெள்ளை,
தொடாத இடமெல்லாம் நகரம்.

பதினாலாவதற்கு இறங்கினேன்.
கழுகா, தவளையா, வக்கீலா,
தீர்மானிக்க முடியாத முகம்.
சுவரைவிட்டு மூன்றடி கழுத்தை நீட்டி
ஆவென்று பிளந்திருக்கிறது.
முப்பத்தொன்றில் நாலுதான் தூம்பு,
மற்றவை சும்மா முறைப்பவை.
இதன் தொண்டை வழியாகத்தான்
கூரைத் தண்ணீர் வெளியே போக வேண்டும்.
போகவில்லை.
ஏழாம் மாடியில் பெலிகிரினி அம்மாளின்
குளியலறை மேல்தளத்தில் ஒரு கறை
தீபகற்பமாக இருந்து கண்டமாகிவிட்டது.
மூன்று கடிதம் எழுதிவிட்டாள்.
மூன்றாவதில் எழுத்துகள் பெரிதாகிவிட்டன.

போன செவ்வாய்க்கிழமை
பல் டாக்டர் ஃபங் என் கடைவாயில் விளக்கடித்துச் சொன்னார்:
"தூக்கத்தில் நறநறக்கிறீர்கள்.
இரண்டு பல் தேய்ந்துவிட்டது. யார்மேல் கோபம்?"
வாய்க்குள் அவர் விரல்.
நான் ஆ என்றேன்.
அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார்.

கையுறையைக் கழற்றி, தோள்வரை கையை விட்டேன்.
புறாக்கூடு வந்தது, குச்சியைவிடக் கம்பி அதிகம்.
ஊதினால் பறக்கும் சின்ன மண்டையோடு.
ஒரு டென்னிஸ் பந்து. யார் அடித்தது இவ்வளவு உயரம்?
அதற்கும் பின்னால்,
ஈயக் குழாயின் வாயில் சாக்குத் துணி.
காற்று செருகியதல்ல. ஒரு கை
முறுக்கி, இறுக்கி, மெனக்கெட்டு அடைத்திருக்கிறது.
யாரோ ஒருவர் தொப்பியில் துப்பியிருக்கும்.
அல்லது ராத்திரி முழுக்கச் சொட்டுச் சத்தம்
பொறுக்காத எட்டாம் மாடிக்காரர்.
கேட்க ஆளில்லை.

"என்ன கிடைத்தது?" மேலிருந்து ஒஸ்தாப்.
வேறொன்று வாய்வரை வந்தது.
"துணி" என்றேன்.

இழுத்ததும் முதலில் ஒன்றுமில்லை.
பிறகு தொண்டைக்குள் ஒரு களகளப்பு,
வயிறு புரட்டுகிறவனுக்கு வருமே, அதுபோல.
பிறகு கூரையில் தேங்கிய குளிர்காலம் முழுதும்
கறுப்பாக, இலையும் தாருமாக
என் முகத்தில், காலருக்குள், முதுகுத்தண்டு நெடுக.
கெட்ட வார்த்தைகளாகவே வந்தது. என்ன பாஷையோ.
நானும் சொன்னேன், தமிழில்,
சுற்றிலும் தெரிந்தவர் யாருமில்லை என்ற தைரியத்தில்
ஆறேழு வருஷமாகச் சொல்லாததையெல்லாம்.
ஒஸ்தாப் எட்டிப் பார்த்தான். "காயமா?"
கட்டைவிரலைக் காட்டினேன்.

நீர் தெளிந்தது. ஒரு வில்லாக வளைந்து
சுவரைத் தொடாமல் தெருவில் விழுந்தது.
தடுப்புக்கு அப்பால் ஒருவர் குடை விரித்தார்,
வானத்தைப் பார்த்தார். வெயில்.
குடையை மடக்கவில்லை.

பிறகுதான் கழுத்தில் தட்டினேன்.
பொத்.
இடம் மாற்றித் தட்டினேன். பொத்.
தேங்கிய நீர் உறைந்து உறைந்து
உள்ளிருந்தே பிளந்திருக்கிறது.
கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.
பெருக்கல் குறி போட்டேன்.
ஈரக் கல்லில் சாக்பீஸ் பிடிக்கவில்லை,
மூன்று முறை போட வேண்டியிருந்தது.
அறிக்கையில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதினேன்:
இறக்கும்வரை இதை அடைக்க வேண்டாம்.

பதினைந்தாவது, கன்னத்தில் கை வைத்த பல்வலிக்காரன்.
தட்டினேன்.
கணீர்.